பாலத்தில் வந்த படபடப்பு: கிளினிக் மாத்திரையையும் சூரணத்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கடலோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. பினாங்கின் பெருநிலப் பக்கமுள்ள பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன், தீவிலுள்ள பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சென்ற ஆண்டு இறுதியில் ஒரு நாள் காலை, பினாங்குப் பாலத்தின் நடுவே கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விரல்கள் மரத்துப் போயின, மூச்சு பாதி வழியிலேயே நின்றுவிடுவதுபோல் இருந்தது, உள்ளங்கை வேர்வையில் ஸ்டீயரிங் வழுக்கியது. இங்கேயே உயிர் போய்விட்டால் மகனைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்ற ஒரே எண்ணம்தான் ஓடியது. எப்படியோ கரையைத் தொட்டு, நேரே அவசரப் பிரிவுக்குப் போனேன். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்தில் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதேபோல் வந்தது. மறுபடியும் அதே பதில்தான்.

அன்றிலிருந்து பாலத்தில் கார் ஓட்டுவதே இல்லை. காரை பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டு, ஃபெர்ரியில் தீவுக்குப் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கிறேன். வீடு திரும்பும்போது மகன் பெரும்பாலும் தூங்கியிருப்பான்.

கண்ணேறு பட்டிருக்கிறது என்று அம்மா கோயிலுக்கு அழைத்துப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு உறவினர் ஒருவர் கொடுத்த அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணத்தை இரவில் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். இதற்கிடையில் நானே அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டு, இது பதற்றக் கோளாறு என்று விளக்கி, செர்ட்ராலின் மாத்திரையில் பாதியை ஒரு வாரமும் பிறகு முழு மாத்திரையும் சாப்பிடச் சொன்னார். நான்காம் நாள் படபடப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன்.

சூரணம் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா, மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

குடும்ப மருத்துவம் (கோலாலம்பூர்)

சகோதரி, நான் அரசாங்க கிளினிக் ஒன்றில் பணியாற்றும் குடும்ப மருத்துவர். உங்களை நேரில் பார்க்காமல் மருந்தளவு சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்கள் எழுதியதில் சில இடங்களை விளக்கினால், அடுத்த முறை உங்கள் டாக்டரைப் பார்க்கும்போது பேச்சு எளிதாக இருக்கும்.

முதலில் அவசரப் பிரிவு. "இதயத்தில் ஒன்றுமில்லை" என்பது சரியான பதில், ஆனால் பாதிப் பதில். மிச்சப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். உங்களுக்கு வந்தது பீதித் தாக்குதல் போலத் தெரிகிறது. ஆபத்து இல்லாத இடத்தில் உடல் ஆபத்து மணியை அடித்துவிடுகிறது: அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல்கள் மரக்கின்றன, தலை கிறுகிறுக்கிறது. மூச்சு போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில், உண்மையில் நீங்கள் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தானே இறங்கும்.

பதற்றம் என்று முடிவு செய்வதற்கு முன் அதைப்போலவே வேடமிட்டு வரும் மற்றவற்றை நாங்கள் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரப்பது, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தின் விளைவு ஆகியவை இதில் அடங்கும். நம் சமூகத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு 30 விழுக்காட்டையும் தாண்டியது. மருந்து சாப்பிடும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே வேர்வையும் படபடப்பும் நடுக்கமும்தான் வரும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் கோப்பியும் தே தாரேக்கும் (ஆற்றிய பால் தேநீர்) உள்ளே போகிறது என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். இரவு வேலை நேரத்தில் நான்கைந்து கிளாஸ் குடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது மாத்திரை. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரங்களில் சிலருக்குப் படபடப்பையும் குமட்டலையும் தூக்கமின்மையையும் கூட்டும். பீதித் தாக்குதல் உள்ளவர்கள் இதைக் கூடுதலாக உணர்வார்கள். 50 மில்லிகிராம் மாத்திரையில் பாதியிலிருந்து தொடங்கச் சொன்னதே அதற்காகத்தான். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். நீங்கள் விட்ட ஐந்தாம் நாள், தொல்லை மட்டும் வந்து பலன் இன்னும் வராத நாள். அதை வைத்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானிக்க முடியாது. ஆனால் தொல்லை தாங்க முடியாததாக இருந்தால் அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி உண்டு. நீங்கள் திரும்பிப் போனால்தான் அதைச் செய்ய முடியும்.

சூரணத்தைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்: டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் முன்னால் உட்காருபவர்களில் எத்தனை பேர் லேகியமும் கஷாயமும் சாப்பிட்டுக்கொண்டு அதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது, ஈரல் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் சில சமயம் எனக்கே தெரிகிறது.

---

செந்தூல்வாசி

தங்கை, நான் இதே பாதையில் வந்தவன். ஆனால் தவறான திருப்பத்தில் திரும்பிவிட்டேன். எனக்கு 41 வயதில் தொடங்கியது. அரசாங்க கிளினிக்கில் காத்திருக்கப் பொறுமையின்றி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பதற்றத்தை உடனே அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. இதைவிட நல்ல மருந்து உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். மாதம் ஒரு முறை முகப்பிலேயே பெயரைச் சொல்லி வாங்கிவந்தேன்; டாக்டரைப் பார்க்கவும் தேவையிருக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் ஒரு மாத்திரை மூன்றாகியது. ஒரு வேளை தவறினாலும் கை நடுங்கியது. மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் வீட்டை விட்டு இறங்குவேன்.

பிறகு ஒரு மனநல மருத்துவர் அதை நீண்ட நேரம் வேலை செய்யும் டயசிபாமுக்கு மாற்றி, சிறுகச் சிறுகக் குறைத்து எட்டு மாதத்தில் விடுவித்தார். அந்த எட்டு மாதம் என் மனைவி பட்ட பாட்டை நான் இங்கே எழுத முடியாது. உடனே அடக்கும் மருந்து வேண்டும் என்று நீங்கள் கேட்டு, அதை யாராவது கேள்வி கேட்காமல் கொடுத்தால், தயவுசெய்து அங்கே மறுபடி போகாதீர்கள்.

---

குடும்ப மருத்துவம் (கோலாலம்பூர்)

செந்தூல்வாசி ஐயா எழுதியதை ஒவ்வொரு வரியாக ஆமோதிக்கிறேன். அந்த வகை மருந்துகளுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடுமையான நிலையில் சில நாட்கள், அதிகமாகப் போனால் இரண்டு முதல் நான்கு வாரம் என்பதுதான் அவற்றின் எல்லை. வாசிப்பவர்களில் யாரேனும் இப்போது அதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். செர்ட்ராலின் அப்படிப்பட்ட அடிமைத்தனத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் அதையும் நலமான பிறகு படிப்படியாகத்தான் குறைப்போம்.

---

தண்ணீர்மலை

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜார்ஜ்டவுனில் இருக்கிறேன். மருத்துவர்கள் எழுதுவது இருக்கட்டும். நம் பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டத்தில் இந்த மாத்திரை எல்லாம் ஏது? பயந்த பிள்ளைக்குத் திருநீறு பூசி, வேப்பிலை அடித்து, காளியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள், சரியாகியது. உன் அம்மா செய்ததை இங்கே யாரும் குறைத்துப் பேசக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய், மலைமேல் முருகனைப் பார்க்கப் படியேறு. மனம் அடங்கும்.

---

மூலிகைத்தோட்டம்

ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி மறுப்பு. நான் தமிழ்நாட்டில் ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பு முடித்து இங்கே தொழில் செய்பவன். தோட்டத்தில் சரியாகாமல் போனவர்களும் இருந்தார்கள். "பேய் பிடித்தவள்" என்று பெயர் வாங்கி, வீட்டை விட்டு வெளியே வராமலேயே வயதான அத்தைமார்கள் நம் எல்லாக் குடும்பங்களிலும் இருந்தார்கள். அவர்களை எந்தக் கணக்கிலும் நாம் சேர்ப்பதில்லை.

அம்மா, உங்கள் சூரணத்துக்கு வருகிறேன். அமுக்கரா நல்ல மூலிகைதான். மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் சாறு கொடுத்துச் செய்த சிறு ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களே நடந்தவை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை சான்றாகா. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தை அதிகமாக்கக்கூடியது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. அரிதாக ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. படபடப்புக்குக் காரணமே தைராய்டாக இருந்தால், அமுக்கரா எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். ஆகவே தைராய்டுப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் நான் யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை.

உங்களுக்கு அதைக் கொடுத்தவர் உங்கள் நாடியையும் பார்க்கவில்லை, நீங்கள் சாப்பிடும் மருந்தையும் கேட்கவில்லை. உறவினர் கையால் வாங்கியது சித்த மருத்துவம் ஆகாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இப்படி நடக்கும் தவறுகளுக்கெல்லாம் கடைசியில் பழி எங்கள் மருத்துவத்தின் மீதுதான் விழுகிறது. செந்தூரம், பற்பம் போன்றவற்றில் உலோகங்கள் சேரும். முறையாகச் செய்யப்படாதவற்றில் இருக்கும் பாதரசமும் ஈயமும் உடலில் தங்கிவிடும். மளிகைக் கடையில் பொட்டலமாக வாங்கவே கூடாது.

பெயர்க் குழப்பமும் உண்டு. "பிராமி" என்று கேட்டால் சிலர் நீர்ப்பிரமியைக் கொடுப்பார்கள், சிலர் வல்லாரையைக் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். வல்லாரை இங்கே சந்தையில் கிடைக்கும் பெகாகா கீரைதான். துவையலாகத் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் பீதித் தாக்குதலை அது நிறுத்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

மருந்தாளுநர் பிறை

சுருக்கமாக ஒன்று. பாரம்பரிய மருந்து எதுவானாலும் பொட்டலத்தில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், எண்ணின் இறுதியில் "டி" (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்று பொருள். அந்த எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்படுகிறது. மருத்துவரையும் சரிபார்க்கலாம்: 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவர்களையும் பதிவு செய்யச் சொல்கிறது.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் "செயின்ட் ஜான்ஸ் வோர்ட்" என்ற மூலிகை மாத்திரையைச் செர்ட்ராலினோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் அளவு மிஞ்சி உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடை மாத்திரையின் வலிமையையும் அது குறைத்துவிடும். "இயற்கையானது" என்ற சொல்லை நம்பி முகப்பில் என்னிடம் வாதிடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

---

மனநல ஆலோசகர் (பெட்டாலிங் ஜெயா)

இதுவரை எல்லாரும் உள்ளே போகும் மருந்தைப் பற்றியே பேசினோம். கடலோரம் எழுதியதில் என்னை நிறுத்திய வரி ஃபெர்ரியைப் பற்றியது. பாலத்தைத் தவிர்த்த ஒவ்வொரு நாளும், "பாலத்தில் போகாததால்தான் பிழைத்தேன்" என்று உங்கள் மூளை புதிதாகப் பாடம் எழுதிக்கொள்கிறது. பதற்றக் கோளாறு வளர்வது தாக்குதலால் அன்று, இந்தத் தவிர்ப்பால்தான். கவனிக்காமல் விட்டால் பாலம் என்பது நெடுஞ்சாலையாகும், பிறகு பேரங்காடி, பிறகு வீட்டு வாசல்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தப் பாடத்தைத் திருத்தி எழுதும் வேலை. முதலில் தாக்குதல் வரும்போது மனதில் ஓடும் வாக்கியத்தைப் பிடிப்போம்: "இதயம் நின்றுவிடும்." பிறகு அதைச் சோதிப்போம். என் அறையில் ஒருவரை ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வேன். சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வேன். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வேன். அதே கிறுகிறுப்பும் படபடப்பும் வரும், வந்து போகும், எதுவும் நேராது. (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.) அதன்பிறகுதான் பாலம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வண்டிகள் குறைவாக இருக்கும்போது, வேறொருவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் உட்காருவது முதற்படி. அதே நேரத்தில் நீங்கள் ஓட்டி ஒருவர் பக்கத்தில் இருப்பது அடுத்தது. தனியாக ஓட்டுவது அதற்கடுத்தது. நெரிசல் நேரம் கடைசி. பயம் வரும்வரை காத்திருந்து, அது இறங்கும்வரை அந்தப் படியிலேயே இருக்க வேண்டும். ஒரே படியைப் பல முறை செய்ய வேண்டும். கையில் தண்ணீர்ப் போத்தல், மடியில் கைப்பேசி, நாக்கின் கீழ் மருந்து என்று கொண்டுபோகும் "துணை"களையும் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அவை இருக்கும்வரை, காப்பாற்றியது அவைதான் என்று மனம் நம்பும்.

யோகாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று தெரியும். அமெரிக்காவில் பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு (எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் நிலை) உள்ள 226 பேரிடம் நடத்தி 2020இல் வெளிவந்த ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 70.8 விழுக்காட்டினரும், குண்டலினி யோகா செய்தவர்களில் 54.2 விழுக்காட்டினரும், மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 விழுக்காட்டினரும் முன்னேறினார்கள். யோகா உதவுகிறது, சிகிச்சைக்கு ஈடாகாது. நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

நம் மொழியில் பேசும் ஆலோசகர்கள் குறைவு என்பதே என் பெரிய கவலை. "நெஞ்சு பட்டு பட்டுன்னு அடிச்சுக்குது, வயிறு கலங்குது" என்று சொல்ல வருபவரை மலாயில் மொழிபெயர்த்துச் சொல்ல வைத்தால் பாதி வலி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கிளினிக்கில் கேட்டால் மெந்தாரி சமூக மனநல மையத்துக்கு அனுப்புவார்கள். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

---

தண்ணீர்மலை

ஆலோசகர் அம்மா, நான் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படியென்றால் கோயிலும் கயிறும் அந்தத் தண்ணீர்ப் போத்தல் போலத்தானா?

---

மனநல ஆலோசகர் (பெட்டாலிங் ஜெயா)

நல்ல கேள்வி, ஐயா. கயிற்றைத் தடவிக்கொண்டே, கயிறு இல்லாவிட்டால் செத்துவிடுவேன் என்று நினைத்து ஓட்டினால், ஆம், அது போத்தல்தான். முருகனைக் கும்பிட்டுவிட்டு, பயத்தோடேயே பாலத்தில் ஏறத் துணிவு வருகிறது என்றால் அது வேறு. தண்ணீர்மலையில் படியேறினால் உடற்பயிற்சியும் ஆகிறது. ஏறும்போது இதயம் வேகமாக அடித்தும் ஒன்றும் ஆகாததைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான் யாருடைய கயிற்றையும் அறுக்கச் சொன்னதில்லை. கோயிலுக்குப் போவதால் மாத்திரையையோ கிளினிக்கையோ நிறுத்தச் சொல்பவர்களோடு மட்டும்தான் எனக்குச் சண்டை.

---

தண்ணீர்மலை

ஏற்றுக்கொள்கிறேன். என் தங்கை ஒருத்தி பதினேழு ஆண்டு வாசற்படியைத் தாண்டவில்லை. மூலிகைத்தோட்டம் தம்பி அத்தைமார்கள் என்று எழுதியதும் அவள் நினைவுதான் வந்தது. அவளை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. நானும்தான்.

---

குடும்ப மருத்துவம் (கோலாலம்பூர்)

ஐயா, எழுதியதற்கு நன்றி.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்காக: அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடங்கும். பதற்றத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் "காட்-7" (GAD-7) வினாத்தாளில் ஏழே கேள்விகள், மொத்தம் 21 புள்ளி. 10ஐ எட்டினாலோ தாண்டினாலோ கவனமாகப் பார்ப்போம். மாத்திரை வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு: 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 276 பேரில் எட்டு வார மனக்கவனப் பயிற்சி பெற்றவர்கள், எஸ்சிட்டாலோபிராம் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே முன்னேறினார்கள். ஆனால் அது வாரம் ஒரு வகுப்பும் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சியும் கொண்டது. கைப்பேசியில் ஐந்து நிமிடம் கண்மூடுவது அன்று.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வருபவர்கள் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்சின் 03-7627 2929 எண்ணையோ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்கே நேராகப் போங்கள்.

---

கடலோரம் (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் மாத்திரையை மறைத்ததற்கு அழுதார்கள், பிறகு என்னோடு கிளினிக்குக்கு வந்தார்கள். சூரணப் போத்தலை மேசைமேல் வைத்தேன். டாக்டர் திட்டவில்லை. போத்தலைத் திருப்பிப் பார்த்தார், பதிவு எண் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் எது என்ன செய்கிறது என்று நம் இருவருக்குமே தெரியாமல் போகும், ஆகவே இப்போதைக்கு இதை நிறுத்துங்கள் என்று சொல்லி, என் அட்டையில் "அமுக்கரா – நிறுத்தப்பட்டது" என்று எழுதிக்கொண்டார்.

தைராய்டு சரியாக இருந்தது. இரத்தம் குறைவாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.6. அவசரப் பிரிவில் இதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். செர்ட்ராலினை மறுபடியும் பாதியிலிருந்து தொடங்கி, இம்முறை இரண்டு வாரம் பாதியிலேயே இருந்தேன். முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எதற்காக வருகிறது என்று தெரிந்திருந்ததால் தாங்க முடிந்தது. கோப்பியைக் காலையில் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். வினாத்தாளில் 16 இருந்தது, போன வாரம் 9.

மெந்தாரியில் தமிழ் பேசும் ஒருவர் மாதம் இருமுறைதான் கிடைக்கிறார், இருந்தாலும் போகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பாலத்தைக் கடந்தேன். நான்காம் ஞாயிறு நான் ஓட்டினேன். நடுப்பாலத்தில் வந்தது, அதே மரப்பு, அதே வேர்வை. சன்னலைத் திறக்கவில்லை, தம்பியிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பாயான் லெப்பாஸ் பக்கம் இறங்குவதற்குள் அதுவாகவே அடங்கிவிட்டது. அம்மா பின்னிருக்கையில் இருந்தார்கள். கந்தர் சஷ்டி கவசத்தை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

வரும் ஞாயிறு தனியாகப் போகப் போகிறேன். போய்வந்து எழுதுகிறேன்.